ஒருவருக்கும் வேண்டாத வீடு

நொத்தாரிசு பாக்கியரத்தினம் முப்பத்திரண்டு வருடமாகத் திருகோணமலையில் காணிக்கும் வீட்டுக்கும் உறுதிப் பத்திரம் எழுதுகிறவர். வீடு எனக்குத்தான் வேண்டும் என்று அவருடைய மேசையில் அடித்தவர்களைக் கண்டிருக்கிறார். மயங்கி விழுந்தவர்களைக் கண்டிருக்கிறார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உறுதியில் யாருடைய பெயர் என்று கேட்டு, மறுபடியும் மயங்கியவர்களையும் கண்டிருக்கிறார். சும்மா எழுதித் தருகிற வீட்டை வேண்டாம் என்று ஒருத்தி பேனையை மூடி வைத்ததை அன்றைக்குத்தான் கண்டார்.

"தங்கச்சி, இது நன்கொடை உறுதி. அம்மா தாறா, நீங்கள் வாங்கிறீங்கள். ஏற்றுக்கொண்டன் எண்டு இந்த இடத்தில ஒரு கையெழுத்து வேணும். அது இல்லாட்டி உறுதி செல்லாது."

"விளங்குது சேர். அதாலதான் வைக்கல்ல" என்றாள் றிஷானா. குரலில் கோபம் இல்லை. கிராமத்துப் பெண்களை வட்டமாக இருத்தி வைத்துப் பயிற்சிப்பட்டறை நடத்துகிற குரல் அது. எவ்வளவு நேரமும் களைக்காது.

பாக்கியரத்தினம் தாயின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, வீட்டில ஏதும் வில்லங்கமோ?"

"வீட்டில ஒரு வில்லங்கமும் இல்ல ஐயா" என்றாள் றுக்கியா. "புள்ளையிலதான்."

"இது சீதனம் சேர்" என்று றிஷானா விளக்கினாள். "கலியாணத்துக்கு ரெண்டு மாசம் இரிக்கக்க எழுதுற வீட்டுக்கு நன்கொடை எண்டு பேர் வச்சாலும் சீதனம் சீதனம்தான். நான் ஊர் ஊராப் போய்ச் சீதனம் குடுக்காதீங்க எண்டு சொல்ற. அந்திக்குச் சீதன வீட்டில வந்து படுக்கிறதா?"

பாக்கியரத்தினத்துக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவர் றிஷானாவை ஒரு கணம் ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு கடதாசிகளை அடுக்கி றுக்கியாவிடம் திருப்பிக் கொடுத்தார். றுக்கியா வாங்கிப் பிளாஸ்டிக் கோப்புக்குள் வைத்தாள். ஐம்பத்து நாலு வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மகள் ஒருவனோடு வாழத் தொடங்குமுன், எழும்பிப் போ என்று எவனும் சொல்ல ஏலாத ஒரு கூரை அவளுடைய பெயரில் இருக்க வேண்டும். அதற்காக அவள் பட்ட பாட்டில் பாதியைக்கூட அந்த நொத்தாரிசு மேசையில் பரப்ப இடம் போதாது. இருவரும் கிண்ணியா பஸ்ஸில் ஏறினார்கள்.

கிண்ணியாப் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவன் பையோடு வருகிறவன். சிலர் பெரிய பையோடு வருவார்கள், சிலர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஒருவர் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியதாகவும் கதை உண்டு. எதில் வந்தாலும் வந்து இறங்குவது பெண்ணின் வீட்டில்தான். வீடு தாய் கொடுத்தது. தாய்க்கு அவளுடைய தாய் கொடுத்தது. மகளுக்குக் கொடுத்த கையோடு தாய் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டு ஒதுங்கிவிடுவாள். இரண்டாவது மகளுக்கு நாள் வந்தால் கொட்டில் வீடாகும், தாய் இன்னும் பின்னுக்குப் போவாள். ஐந்து பெண் பெற்றவள் கடைசியில் களப்புக்குள்தான் இறங்க வேண்டும் என்று ஊரில் பகிடி. ஆண்கள் இந்த ஏற்பாட்டை நீண்டகாலமாகப் பொறுமையோடு சகித்து வருகிறார்கள். அந்தப் பொறுமைக்குக் கூலியாக, தரை சீமெந்தா மாபிளா, குளியலறை உள்ளேயா வெளியேயா என்று அவர்களுடைய உம்மாமார் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

றுக்கியாவுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது, கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. அவளுக்குப் பத்தொன்பது வயதில் ஸஹாப்தீன் பையோடு வந்தான். மணல் ஏற்றுகிற ட்ராக்டர் ஓட்டினான். மோசமான ஆளில்லை, பெரிய நல்ல ஆளும் இல்லை. சண்டை முற்றினால் வாசலில் செருப்பைத் தேடுகிறவன் அவன்தான். வீடு அவளுடையது என்றால் வெளிக்கிட வேண்டியவன் அவன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பத்து வருடம் பொறுத்து ஒரே ஒரு பெண்பிள்ளை கிடைத்தது. பிள்ளைக்கு நாலு வயதாக இருக்கும்போது சுனாமி வந்து அந்த வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. ஆட்கள் மூவரும் தப்பினார்கள்.

கூடாரத்தில் இருந்தவர்களுக்கு வீடு கட்டித் தர எங்கேயோ இருந்து ஒரு நிறுவனம் வந்தது. வெயில் தொப்பி போட்ட ஒரு பொடியன் வரிசையாக நின்ற பெண்களிடம் படிவம் நிரப்பினான். "குடும்பத் தலைவர் ஆர்?" என்று கேட்டான். பெண்கள் சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு புருசனைக் காட்டினார்கள். பெரிய மீன் துண்டு யாருக்கு வைக்கிறோமோ அவர்தானே தலைவர்! தலைவர் வேறு, வீடு வேறு. இரண்டும் ஒரே கடதாசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அந்த வரிசையில் நின்ற ஒருத்திக்கும் தோன்றவில்லை. வீடு ஆண்களுக்குப் போகிற ஊரில் பிறந்தவளாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். இவர்களுக்குச் சந்தேகப்படப் பழக்கமில்லை. றுக்கியா இன்னும் ஒரு படி மேலே போனாள். பொடியன் கணவனுடைய பெயரைப் பிழையாக எழுதியதைக் கண்டு, "'ஸ' போட்டு எழுதுங்க தம்பி, பிறகு கரைச்சல் வரும்" என்று திருத்தியும் கொடுத்தாள்.

கரைச்சல் ஐந்து வருடம் கழித்து வந்தது. ஸஹாப்தீன் மூதூரில் இன்னொருத்தியைக் காவின் எழுதிக் கலியாணம் முடித்துக்கொண்டு வந்து நின்றான். றுக்கியா வழக்கப்படி, "செருப்பப் போட்டுக்கொண்டு வெளிக்கிடு" என்றாள். அவன் தேடவில்லை. "வீடு என்ட பேர்லதானே இரிக்கி" என்றான். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. துவைக்கப் போட்ட சேட்டுப் பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் அகப்பட்டவனைப்போல அவனுக்கே ஆச்சரியம்.

மகளையும் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு றுக்கியா தங்கச்சி வீட்டுக்குப் போனாள். அந்தக் குடும்பத்தில் பையோடு வெளிக்கிட்ட முதல் பெண் அவள்தான். மகளை அவளுடைய சாச்சியான தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு ஏறினாள். பன்னிரண்டு வருடம். கிண்ணியாவை ஒட்டிய குறிஞ்சாக்கேணியில் தாயின் பங்கில் மிஞ்சிக் கிடந்த காணித் துண்டில் வீடு எழும்பியது: ஒரு வருடம் அத்திவாரம், இன்னொரு வருடம் யன்னல் மட்டத்துக்குச் சுவர், பிறகு இரண்டு வருடம் ஒன்றுமில்லை, பிறகு கூரை. அடுத்தவர் வீட்டுக் குளியலறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே தன்னுடைய வீட்டுக்குக் குளியலறை எங்கே வரவேண்டும் என்று போனில் மேசனுக்குச் சொன்னாள். உறுதியைத் தன் பெயரில் எழுதுவித்து, நாலு பேரைக் கொண்டு வாசித்துப் பார்த்தாள். மகளுக்கு நாள் வரும்போது பெயர் மாற்றினால் சரி.

அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கைமணிக்கட்டு இரண்டும் தேய்ந்திருந்தன. ஆனாலும் மாபிள் பதித்த முன்னறையில் அவள் படுக்கவில்லை. அது மகளுக்கும் மருமகனுக்கும். குசினிக்குப் பக்கத்தில் சாமான் வைக்கிற அறையில் பாயை விரித்தாள். அவளுடைய கணக்கில் அவள் ஏற்கெனவே பின்வளவுக்குப் போய்விட்டவள்.

மகளோ பட்டதாரியாகி, நகரத்தில் லிங்கநகரில் ஒரு பெண்கள் அமைப்பில் உத்தியோகமாகியிருந்தாள். அவளாகவே ஒரு மாப்பிள்ளையையும் கண்டுபிடித்திருந்தாள். பெயர் அஸ்ஹான், கிண்ணியாப் பொடியன்தான், நீர்ப்பாசனம் பார்க்கிற அரச திணைக்களம் ஒன்றில் தொழினுட்ப உத்தியோகத்தர். சீதனமும் வேண்டாம், ரொக்கமாகக் கைக்கூலியும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று அவன் முகநூலில் எழுதியிருந்தான். எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருதயம் போட்டார்கள். அதில் அரைவாசிப்பேர் மனைவி கொண்டுவந்த வீட்டு விறாந்தையில், மனைவி கொண்டுவந்த கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு போட்டவர்கள். புரட்சியைப் பாராட்டச் செலவில்லை.

நொத்தாரிசிடம் போய் வந்த அன்று பின்னேரம் குசினியில் றுக்கியா மீன் அரிந்தாள். றிஷானா வெங்காயம் உரித்தாள். சண்டைக்கு அதைவிட வசதியான இடம் அந்த வீட்டில் இல்லை.

"மகள், அவன் நல்ல புள்ளதான். நான் இல்லண்டு சொல்லல்ல. உங்கட வாப்பாவும் நல்லவர்தான், வீடு அவர்ர பேருக்கு மாறும் மட்டும்."

"அஸ்ஹான் அப்பிடி இல்ல உம்மா."

"நாளைக்கு ஏதும் எண்டா வெளிய போறவன் அவனா இரிக்கோணும். அதுக்குத்தான் வீடு. உங்கட ஒபிசில இதுக்கு என்ன பேர்? பெண்ணியமோ என்னமோ, இதுதானே அது?"

"இல்ல உம்மா. ஒரு பொம்புளையக் கலியாணம் முடிக்கிறதுக்கு வீடு லஞ்சமாக் குடுக்கத் தேவையில்ல எண்டு நிக்கிறதுதான் அது."

"வீடு அவனுக்கா குடுக்கன்? உனக்கு!"

"எனக்கெண்டா நான் படிச்சு முடிச்சண்டே குடுத்திருப்பீங்க. மாப்பிள வந்தாத்தானே வீடும் வருது." றிஷானா கத்தியைக் கீழே வைத்தாள். வெங்காயமா வேறெதுவுமா தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. "நான் பெரிய புள்ளையான நேரம் சாச்சிதான் குளிப்பாட்டின. நீங்க போன்ல. முதல்ல என்ன கேட்டீங்க, ஞாபகமா? பின்சுவருக்குப் பூச்சு முடிஞ்சிட்டா எண்டு கேட்டீங்க. எனக்கு இந்தச் சுவரப் பாக்கவே ஏலா உம்மா. ஒவ்வொரு கல்லும் நீங்க இல்லாத ஒரு நாள்."

றுக்கியா மீன் செதிலை இரண்டு தரம் கழுவினாள்.

"அண்டைக்கு இஞ்ச மழ எண்டு சொன்னாங்க" என்றாள் கடைசியில். "பூச்சு காயமுந்தி நனைஞ்சா வெடிக்கும். அதான் கேட்ட."

குழம்பு நன்றாக வந்திருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த வெள்ளி, அஸ்ஹான் தன் தாய் சனூஸாவை அழைத்துக்கொண்டு பேச வந்தான். சனூஸாவுக்கு மகள் இல்லை; அவன் ஒரே பிள்ளை. கணவர் மவுத்தாகி அடக்கமான பிறகு, சனூஸாவுக்கு அவருடைய தாய் தந்த வீட்டில் தாயும் மகனுமாக இருந்தார்கள். முழங்கால் வலியோடு அவர் மாபிளில் கவனமாக நடந்துவந்து கதிரையில் இருந்தார்.

"எங்களுக்கு ஒண்டும் வேணா தங்கச்சி. புள்ளைய மட்டும் தாங்க. எங்கட வீட்டிலயே வந்து இரிக்கட்டும். எனக்கும் குசினிக்குள்ள ஒரு துணை."

றுக்கியா நிமிர்ந்து பார்த்தாள். "ராத்தா, உங்கட மாமி உங்கட குசினிக்குள்ள வந்திரிக்காவா?"

"என்ட குசினிக்குள்ளயா?" சனூஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்புப் போத்தல் எங்க இரிக்கி எண்டு தெரியாமலே மவுத்தாகிட்டா, அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும்."

"என்ட மாமியும் அப்பிடித்தான்."

இரு பெண்களும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு எதைப் பற்றிச் சிரிக்கிறோம் என்று விளங்கி நிறுத்திக்கொண்டார்கள். நாலு தலைமுறையாக இந்த இரண்டு குடும்பத்திலும் ஒருத்தியும் மாமியின் அடுப்பில் சோறு ஆக்கியதில்லை. பெண்விடுதலை வந்துதான் அதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. அஸ்ஹானோ கைகளைக் கட்டிக்கொண்டு, "மாமி, நான் றிஷானாவ மட்டும்தான் முடிக்கிறன், இந்தச் சுவரையில்ல" என்றான். நல்ல வசனம். முகநூலில் ஏற்கெனவே ஒரு தடவை போட்டதுதான்.

நோன்பு மாதத்துக்குள் மகளிர் தினம் வந்தது. றிஷானாவின் மேலதிகாரி தயாளினி, நகரத்து மண்டபம் ஒன்றில் கூட்டம் ஒழுங்குசெய்திருந்தார். சீதனம் இல்லாமல் மகளைக் கட்டிக்கொடுக்கப்போகிற தாய் என்று றுக்கியாவை முன்வரிசையில் இருத்தினார்கள். நோன்போடு பத்து மைல் பஸ்ஸில் வந்தவளுக்கு யன்னல் பக்கக் கதிரை கிடைத்தது. வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் போவதா நிற்பதா என்று தெரியாமல் கிடந்தது.

முதலில் தயாளினி பேசினார். "ஒரு வீட்டுக்காக ஒரு தாய் பன்னிரண்டு வருஷம் பாலைவனத்தில கிடக்கிறா. பிள்ளை தாய் இல்லாமல் வளருது. இதை உரிமை எண்டு சொல்ல ஏலுமா? இது கப்பம்! இந்த அம்மாவின்ர கையைப் பாருங்கோ!" எல்லோரும் றுக்கியாவின் கையைப் பார்த்தார்கள். அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அடுத்து, மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த விரிவுரையாளர் குணேஸ்வரி எழும்பினார். சபைக்கு வணக்கம் சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. "சீதனத்தைத் திட்டுங்கோ, நல்லது. ஆனால் கிழக்கில வீடு பெண்ணின்ர கையில இருந்தது. அதை நாங்களே பழசு எண்டு தூக்கி எறிஞ்சுபோட்டு மாமியார் வீட்டுக்குப் பெட்டியோட போறதுக்குப் பேர் பெண்ணியமோ? இந்த அம்மாவின்ர வீட்டை ஒரு படிவம் பறிச்சுது. மிச்சத்தை நாங்கள் பறிக்கிறம்."

"அப்ப தாய்மார் தொடர்ந்து குவைத்துக்குப் போகட்டும் எண்டு சொல்லுறீங்களோ?"

"அப்ப பிள்ளையள் வீடில்லாமல் நிக்கட்டும் எண்டு சொல்லுறீங்களோ?"

"நீங்கள் சொல்லுறது பழைமைவாதம், மிஸ்."

"நீங்கள் சொல்லுறது திட்ட அறிக்கையில எழுதுற பெண்ணியம், மிஸ். நிதி முடிஞ்சால் அதுவும் முடியும்."

கைதட்டல் இரண்டு பக்கமும் சமமாக விழுந்தது. இரு பக்கத்துக்கும் சாட்சி ஒருத்திதான். சாட்சிக்குத் தொண்டை வறண்டு, இடுப்பு உளைந்தது. இரண்டு பேர் சொல்வதும் சரியென்றுதான் அவளுக்குப் பட்டது. தயாளினி பேசும்போது ஒருமுறை அழுகை வந்தது, குணேஸ்வரி பேசும்போது இன்னொருமுறை வந்தது. அழவும் களைப்பாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

அந்த நேரம் வரவுப் பதிவுத் தாள் கைமாறிக் கைமாறி அவளிடம் வந்தது. பெயர், வயது, கிராமம். நாலாவது நிரல்: சொந்த வீடு — உண்டு, இல்லை.

றுக்கியா பேனையோடு யோசித்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் தனக்குத்தானே கேட்டதில்லை. முதல் வீடு உம்மாவிடமிருந்து வந்து மகளுக்குப் போக இருந்தது. அவள் இடையில் காவலுக்கு நின்றவள். இரண்டாவது வீடு ஸஹாப்தீனுடையது. மூன்றாவது வீடு மகளுடையது. மகள் வேண்டாம் என்கிறாள், மருமகன் வேண்டாம் என்கிறான், மேடையில் நிற்கிற இரண்டு படித்த பெண்களும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், ஒருவரும் குடியிருக்கக் கேட்கவில்லை. அப்படியென்றால் அது யாருடைய வீடு?

பக்கத்திலிருந்தவள், "என்ன அன்ரி, எழுதித் தரட்டோ?" என்றாள்.

"வேணா மகள்" என்று சொல்லி, 'உண்டு' என்பதில் அடையாளம் இட்டாள். கொஞ்சம் அழுத்திவிட்டாள், தாள் கிழியப் பார்த்தது.

திரும்பும் பஸ் சீனக்குடாவைத் தாண்டும்போது சொன்னாள்: "புள்ள, நீ கையெழுத்து வைக்கத் தேவல்ல."

றிஷானா அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும் உம்மா, உங்களுக்கு விளங்கும் எண்டு!"

"ஓம். வீடு என்ட பேர்லயே இரிக்கட்டும். நான் முன்னறைக்கு மாறப்போறன்."

"எந்த முன்னறை?"

"ஒரு முன்னறைதானே இரிக்கி."

றிஷானா கையை எடுத்தாள். அந்த அறைக்கு அலுமாரி தெரிவுசெய்தவள் அவள். யன்னல் சீலை நிறம் சொன்னவளும் அவள். வீட்டை வேண்டாம் என்று சொல்லும்போது, வேண்டாம் என்ற இடத்தில் வீடு அப்படியே காத்துக்கொண்டிருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள் போலும்.

பெருநாள் கழிந்து கலியாணம் நடந்தது. றிஷானா இரண்டு பையோடு மாமி வீட்டுக்குப் போனாள். றுக்கியா முன்னறைக்குப் போனாள். ஊர் எதை முதலில் பேசுவது என்று தெரியாமல் இரண்டையும் பேசியது. தங்கச்சி நேரில் வந்து சண்டை பிடித்தாள்.

"ராத்தா, உனக்கு வெக்கமில்லயா? புள்ளைக்குப் போட்ட கட்டில்ல நீ படுக்கிறாய். புள்ள அங்க மாமிக்குத் தேங்கா திருவுது."

"அவ வேணா எண்டு சொன்னா."

"வேணா எண்டு சொன்னா விடுறதா? பொம்புளப் புள்ள வேணா எண்டுதான் சொல்லும். நாமதான் குடுக்கோணும்!"

"அப்பிடி ஒண்டு இப்ப இல்லயாம். வேணா எண்டா வேணாவாம். கூட்டத்தில சொன்னாங்க."

வெளியே அப்படிச் சொன்னாளே தவிர உள்ளே அவளுக்கு அது முள்ளாகத்தான் கிடந்தது. கட்டிலில் முதல் கிழமை நித்திரை வரவில்லை. மகளுக்குக் கூரை வேண்டுமென்று பன்னிரண்டு வருடம் கிடந்து, கடைசியில் மகளின் கூரைக்குக் கீழே தான் படுத்திருக்கிறோமோ என்று புரண்டு புரண்டு படுத்தாள். இது யாருடைய வெற்றி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் உடம்புக்கு இந்த வாதங்கள் விளங்காது. மூன்றாவது கிழமை அது மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்து பின்னேரம் அஸருக்கு எழும்பப் பழகிக்கொண்டது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை றிஷானா மடிக்கணினிப் பையோடும் இன்னொரு பையோடும் வந்து நின்றாள். றுக்கியாவின் பார்வை முதலில் அந்த இன்னொரு பைக்குத்தான் போனது.

"அடிச்சானா?"

"சீ, இல்ல உம்மா. அவர் கோப்பையும் கழுவுறாரு. கழுவுறதப் போட்டோவும் எடுத்துப் போடுறாரு."

"மாமி ஏசினாவா?"

"மாமி நல்லவ. அதுதான் கரைச்சல்." றிஷானா கதிரையில் விழுந்தாள். "ஒண்டும் சொல்ல மாட்டா. நான் கறி வைக்கக்க பக்கத்தில வந்து நிப்பா. மிளகாய்த்தூளப் போட்டா மெல்ல ஒரு மூச்சு விடுவா. நான் கோப்பைய ஒரு இடத்தில வச்சா, நான் போனாப் பிறகு வேற இடத்தில வைப்பா. அது அவட குசினி உம்மா. நான் என்ன சொல்லேலும்? ஒபிசில பத்து ஊருப் பொம்புளையளுக்குக் குரல் குடுக்கிறன், அங்க உப்புப் போட அனுமதி கேக்கிறன்."

றுக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சோறு போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு அஸ்ஹான் கூட்டிப்போக வந்தான். மூவரும் முன்மண்டபத்தில் இருந்தார்கள். றிஷானா தொண்டையைச் செருமினாள். பட்டறை தொடங்கப் போகிறது என்று றுக்கியாவுக்கு விளங்கியது.

"உம்மா, நான் யோசிச்சுப் பாத்தன். அந்த உறுதி... இப்ப எழுதினா அது சீதனமில்லத்தானே. கலியாணம் முடிஞ்சிட்டு. இப்ப அது தாய்வழிச் சொத்துரிமை. குணேஸ்வரி மிஸ்ஸும் அதத்தான் சொன்ன."

"நான் எப்பிடி இஞ்ச வந்து இரிக்கிற?" என்றான் அஸ்ஹான் பதறிப்போய். "எண்ணூறு பேருக்கு முன்னால வீடு வேணா எண்டு எழுதினவன் நான். ஊர் சிரிக்காதா?"

"நீங்க வேணா எண்டு எழுதினது உங்களுக்கு. நான் வேணும் எண்டுறது எனக்கு."

"அண்டைக்கு நொத்தாரிசுக்கிட்ட நீதானே வேணா எண்ட?"

"அண்டைக்கு எனக்கு மாமிட குசினி தெரியாது!"

இருவரும் ஒரே நேரத்தில் றுக்கியாவைப் பார்த்தார்கள். றுக்கியா மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளை இப்போது கேட்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எழுதிய மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போக வேண்டும் என்பதும், இன்னும் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தால் பிள்ளை மறுபடி வேண்டாம் என்று யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தன.

"எழுத மாட்டன்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் வாயில் ஒருவரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"நான் மவுத்தானாப் பிறகு எடு. அதுக்குப் பேர் என்னவோ நீங்களே வச்சுக்கொள்ளுங்க. அது மட்டும் நான் இரிக்கன்."

அஸ்ஹான் தொழினுட்ப உத்தியோகத்தர். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் வாய்க்கால் வெட்டுவது அவனுடைய தொழில். மெல்லக் கேட்டான்: "மாமி, வாடகைக்கு எண்டா?"

"உம்மாக்கு வாடகையா!" என்றாள் றிஷானா.

"வாடகை குடுத்தா அது சீதனமில்லத்தானே. நான் எழுதினதுக்கும் மாறில்ல."

றுக்கியா யோசித்தாள். "பின்னறை இரிக்கி" என்றாள். "கடதாசி எழுதோணும். அதில றிஷானாட பேர் மட்டும்தான் வரும், மருமகன். உங்கட பேர் வராது. நாளைக்குச் சண்ட எண்டா, பேர் இல்லாத ஆள்தான் வெளிக்கிடோணும். சம்மதமா?"

"என்ட உம்மா தனிச்சுப் போயிருவா, மாமி..." என்றான் அஸ்ஹான்.

"வந்து போகட்டும். வந்தா கதிரையில இரிக்கட்டும். என்ட குசினிக்குள்ள நிக்க விட மாட்டன். நாங்களும் போவம், அவட குசினிக்குள்ள போக மாட்டம்."

அவன் தலையை ஆட்டினான். சம்மதம் மாதிரித்தான் இருந்தது. றிஷானாதான் விடவில்லை. பெற்ற தாயும் மகளும் நிலவுடைமையாளரும் குடியிருப்பாளருமாக மாறுவது சந்தைமயமாதல் என்றாள். பெண் பெயரில் ஒப்பந்தம் இருப்பதுதான் உண்மையான அதிகாரம் என்றான் அவன். ஆண் வந்து எனக்கு அதிகாரம் விளக்க வேண்டாம் என்றாள் அவள். அப்போ மிஸ்ஸிடம் கேட்போம் என்றான் அவன். எந்த மிஸ் என்பதில் அடுத்த சண்டை தொடங்கியது.

றுக்கியா எழும்பினாள். லுஹர் தொழுதாயிற்று, சோறு மூடி வைத்தாயிற்று. முன்னறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"முடிவெடுத்துட்டு எழுப்புங்க. சத்தம் போடாமக் கதைங்க, வீட்டுச் சொந்தக்காரி படுக்கப்போறா" என்று சொல்லிவிட்டுக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.